பழசு வேற, பழுது வேற!

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



நம்ம தெருவில் பத்து வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு வீட்டிலாவது இரண்டு மரப்பெட்டிகள் ஜோடியாக நிற்கும். ஒன்றின் மேல் தண்ணீர்க் குடம், இன்னொன்றின் மேல் இஸ்திரிப் பெட்டி. முன்பக்கத்துத் துணி கிழிந்திருக்கும். உள்ளே கறுப்புக் காகிதக் கோன், அதைச் சுற்றி எலி கொறித்தது மாதிரி ஓரம். "என்னங்க இது?" என்று கேட்டால், "அதுவா? கேசட் காலத்து ஸ்பீக்கர். பழசாயிடுச்சு, இனிமே பாடாது" என்று பதில் வரும்.

பழசானது நிஜம். பாடாது என்பது நிஜமில்லை. பழசு வேற, பழுது வேற! ஒரு ஸ்பீக்கருக்கு வயதானால் அதிலுள்ள எல்லாப் பாகத்துக்கும் ஒரே மாதிரி வயதாவதில்லை. விலை குறைந்த இரண்டு மூன்று பாகங்கள் முதலில் போய்விடும். விலை அதிகமான பாகங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எது போச்சு, எது இருக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், மீதி வேலையை வீட்டுத் திண்ணையிலேயே முடித்துவிடலாம். அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

எங்க வீட்டுக்கு வந்த ஜோடி

என் அப்பா 22 வருடம் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்தார். கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எங்கே போனாலும் குழாய் கட்டுவது, வயர் இழுப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் அவர்தான். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. விசேஷங்கள் நின்றன. முதலாளி தொழிலை மூடினார். பாக்கிச் சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக, அவர் முன்பு கேசட் பதிவுக் கடை வைத்திருந்தபோது வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். ஒவ்வொன்றிலும் 8 இஞ்ச் ஊஃபர் ஒன்று, சின்ன ட்வீட்டர் ஒன்று.

பெட்டிகள் நாலு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. போன வருடம் காயலான் கடைக்காரர் காந்தத்தைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் சேர்த்து 150 ரூபா" என்றார். அம்மாவுக்குச் சம்மதம். "இடமாவது மிஞ்சும்" என்றார். டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் கேட்டபோது, "தூக்கிப் போட்டுட்டு ப்ளூடூத் வாங்கிக்கோ தம்பி" என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் காத்திருந்து செய்கிற வேலை இது. அந்தக் கூலியைக் கணக்குப் போட்டால் புதுசே வாங்கிவிடலாம். ஆனால் நம்ம நேரத்துக்கு நாமே கூலி கேட்கப் போவதில்லையே!

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நீ படிக்கிறது இதைத்தானே? இதுல எது போச்சுன்னு சொல்லு பார்ப்போம்."

நண்பர்களே, இது 150 ரூபாய்க் கேள்வி இல்லை. மூன்று வருடம் பீஸ் கட்டினவர் கேட்கிற கேள்வி. பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்பீக்கர் எப்படிப் பாடுது?

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பின்பக்கம் ஒரு கனமான காந்தம். அதன் நடுவில் மெல்லிய வட்ட இடைவெளி. அந்த இடைவெளிக்குள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று எதையும் தொடாமல் தொங்குகிறது. இதுதான் வாய்ஸ் காயில். காயிலோடு காகிதக் கோன் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து மின்னோட்டம் காயிலுக்குள் வந்ததும் விசை பிறக்கிறது. விசை = காந்தப்புலம் × மின்னோட்டம் × கம்பியின் நீளம். முதல் வருடத்தில் மனப்பாடம் பண்ணினோமே, அதே சூத்திரம்தான்! மின்னோட்டம் திசை மாற மாறக் கோன் முன்னும் பின்னும் போகிறது, காற்று அதிர்கிறது, நமக்குப் பாட்டு கேட்கிறது.

கோன் இப்படி ஆடும்போது காயில் பக்கவாட்டில் சாயக் கூடாது. சாய்ந்தால் காந்தத்தில் உரசும். அதைத் தடுக்க இரண்டு பிடிமானங்கள் உண்டு. கோனின் அடியில் நெளிநெளியாக மஞ்சள் அல்லது காப்பித் துணி வட்டம் இருக்கும். அது ஸ்பைடர். கோனின் வெளி ஓரத்தில் வளைவாக ஒரு பட்டை இருக்கும். அதை நம்ம ஊர் மெக்கானிக்குகள் ஓர ஃபோம் என்பார்கள்.

இந்த வடிவத்தை 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இருவர் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நூறு வருடம் ஆகிவிட்டது. இன்று உங்கள் கையிலிருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கருக்குள்ளும் பெரும்பாலும் அதே காயில், அதே காந்தம், அதே கோன்தான். ஆகவே பழைய ஸ்பீக்கரைப் பார்த்து "டெக்னாலஜி போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!

எது சாகும், எது சாகாது?

காந்தம் சாகாது. கீழே போட்டு உடைக்காமல், கழற்றாமல் இருந்தால் நம்ம ஆயுளுக்கும் மேலே இருக்கும். பழைய ஸ்பீக்கர்களில் சின்னக் குடுவை மாதிரி காந்தம் இருந்தால் அது அல்நிகோவாக இருக்கலாம். தட்டையான கறுப்பு வளையம் என்றால் ஃபெரைட். அல்நிகோவுக்குக் கோபால்ட் வேண்டும். 1978இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டுச் சுரங்கப் பகுதியில் சண்டை மூண்டு கோபால்ட் விலை எகிறியது. அதன் பிறகு கம்பெனிகள் வேகமாக ஃபெரைட்டுக்கு மாறின. எந்தக் காந்தமாக இருந்தாலும் ஆணியைக் கழற்றிப் பிரிக்காதீர்கள். அல்நிகோவைச் சுற்றியுள்ள இரும்பிலிருந்து பிரித்தாலே அதன் பலம் குறைந்துவிடும்.

காயிலும் சுலபத்தில் சாகாது. அளவுக்கு மீறிச் சத்தம் வைத்துச் சூடேற்றினால்தான் எரியும். காகிதக் கோன் தண்ணீரும் எலியும் படாவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

சாவது எது? முதலாவது ஓர ஃபோம். 1970களுக்குப் பிறகு நிறைய ஸ்பீக்கர்களில் பாலியூரித்தேன் ஃபோம் வைத்தார்கள். லேசாக இருக்கும், நன்றாக வளையும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கிறது. வேதியியலில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான் இது. பெட்டியைத் தொடாமல் வைத்திருந்தாலும் 15, 20 வருடத்தில் ஃபோம் பிசுபிசுத்து, பிறகு தொட்டால் உதிரும். துணி ஓரமும் ரப்பர் ஓரமும் இதைவிட அதிக நாள் தாங்கும்.

இரண்டாவது, ட்வீட்டருக்குப் போகும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். உள்ளே இருக்கும் ரசாயன ஈரம் காய்ந்து அதன் மதிப்பு மாறிவிடும். மூன்றாவது பழைய பசை. நாலாவது பற்றவைப்பு விட்டுப்போன ஈயம். அவ்வளவுதான் பட்டியல். நாலுமே நம்ம லேபில் கிடைக்கிற சாமான் விலையில் முடிகிற விஷயம்.

முதலில் பரிசோதனை

ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். மாட்டாதீர்கள்! உள்ளே ஷார்ட் இருந்தால் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து போய்விடும். முதலில் மல்டிமீட்டர்.

ஊஃபரைக் கழற்றும்போது ஒரு கையால் ஸ்க்ரூ டிரைவர், மறு கையால் கோனுக்கு மேலே ஓர் அட்டை. காந்தம் ஸ்க்ரூ டிரைவரை இழுக்கும், நழுவினால் கோனில் ஓட்டைதான். எந்த வயர் எந்த முனைக்குப் போகிறது என்று கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: மீட்டரை ஓம்ஸில் வைத்து ஊஃபரின் இரு முனைகளில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் 8 வராது. 5.5 முதல் 7 வரை வரும். ஏனென்றால் 8 என்பது மாறுமின்னோட்டத்துக்கான இம்பீடன்ஸ், மீட்டர் அளப்பது வெறும் கம்பியின் தடை. எங்கள் ஊஃபர்கள் 6.2, 6.3 காட்டின. காயில் இரண்டும் உயிரோடு! மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் காயிலோ, அதற்குப் போகும் சடைக் கம்பியோ அறுந்திருக்கிறது. சடைக் கம்பி என்றால் பற்றவைத்தால் போதும்.

இரண்டு: ஒரு 1.5 வோல்ட் பேனா பேட்டரியை ஊஃபரின் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். "டப்" என்று கோன் நகர வேண்டும். பேட்டரியின் பிளஸ்ஸை எந்த முனையில் வைத்தால் கோன் முன்னால் வருகிறதோ அந்த முனையில் சிவப்பு மை வையுங்கள். இந்தக் குறி பின்னால் ரொம்ப உதவும். ட்வீட்டருக்கு மட்டும் பேட்டரி வேண்டாம். அதன் கம்பி முடி மாதிரி மெல்லியது, மீட்டர் போதும்.

மூன்று: கோனின் நடுவைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் சமமாக வைத்து மெதுவாக அழுத்தி விடுங்கள். மணல் உரசுகிற மாதிரி தெரிந்தால் காயில் இடிக்கிறது என்று அர்த்தம். இது அப்பா சொல்லிக் கொடுத்தது. 22 வருடம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று அவருக்கு வலது காது மந்தம். அதனால் காதை நம்பாமல் விரலை நம்புவார். நான் கோனை அழுத்தியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா அழுத்தினார். "இடது ஊஃபர்ல கீழ்ப்பக்கம் இடிக்குது. ஃபோம் இல்லாம கோன் தொங்கிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். புது ஃபோம் போட்டதும் அந்த உரசல் நின்றுவிட்டது.

ஃபோம் மாற்றுவது எப்படி?

கடையில் போய் "8 இஞ்ச் ஃபோம் குடுங்க" என்று கேட்டால் ஏமாந்துவிடுவோம். 8 இஞ்ச் என்பது தகரச் சட்டத்தின் அளவு, கோனின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே நாலு அளவு எடுக்க வேண்டும். கோனின் வெளி விட்டம், வளைவு தொடங்கும் இடத்தின் விட்டம், வளைவு முடியும் இடத்தின் விட்டம், சட்டத்தில் ஒட்டும் பரப்பின் வெளி விட்டம். நாலையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். சென்னை நண்பர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. மற்ற ஊர்களிலும் ஸ்பீக்கர் ரீகோனிங் செய்கிற கடையில் கேட்டால் கிடைக்கும்.

இனி வேலை:

பழைய ஃபோமைக் கையாலேயே உரித்துவிடலாம். கோனில் ஒட்டியிருக்கும் பழைய பசையை எடுக்க, நாம் லேபில் போர்டு துடைக்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், ஊற்றாதீர்கள். காகிதம் ஊறினால் கிழியும். அவசரமே வேண்டாம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் எனக்கு ஊஃபருக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்து ஃபோமின் உள் ஓரத்தைக் கோனில் ஒட்ட வேண்டும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை நல்லது. காய நேரம் எடுக்கும், ஆனால் அதற்குள் நகர்த்திச் சரிபார்க்கலாம். ரப்பர் சொல்யூஷன் தொட்ட உடனே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. சுற்றிலும் துணிக் கிளிப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள்.

மறுநாள்தான் முக்கியமான கட்டம். வெளி ஓரத்தைச் சட்டத்தில் ஒட்டும்போது காயில் இடைவெளியின் நடுவில் நிற்க வேண்டும். காயிலைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர்கூட இடம் கிடையாது. இதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி மெக்கானிக் வழி. கோனின் நடுவிலுள்ள மூடியைப் பிளேடால் ஜாக்கிரதையாக அறுத்துத் திறந்து, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே பிலிமை மெல்லிய பட்டைகளாக வெட்டி நாலு பக்கமும் செருகுவார்கள். காயில் தானாக நடுவில் நிற்கும். பசை காய்ந்ததும் பிலிமை உருவிவிட்டு மூடியைத் திரும்ப ஒட்டுவார்கள்.

இரண்டாவது வழி மூடியைத் திறக்காத வழி. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று போட்டு, 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாக ரொம்பக் குறைந்த சத்தத்தில் ஊஃபருக்குக் கொடுங்கள். கோன் மெதுவாக ஆடும். பசை ஈரமாக இருக்கும்போதே கோனை ஒரு நூலளவு இப்படி அப்படி நகர்த்துங்கள். உரசல் கேட்காத இடம் வந்ததும் நிறுத்தி, அப்படியே கிளிப் போட்டுவிடுங்கள். நாங்கள் செய்தது இதுதான். நான் காதால் கேட்டேன், அப்பா விரலால் பார்த்தார். இரண்டு பேரும் "சரி" என்று சொன்ன இடத்தில் கிளிப் போட்டோம். அதன் பிறகு 24 மணி நேரம் பெட்டிப் பக்கமே போகக் கூடாது!

ஒரு முக்கியமான விஷயம். ஒரு ஊஃபரில் மட்டும் ஃபோம் போயிருந்தாலும் இரண்டிலும் மாற்றுங்கள். ஃபோம் ஒரு ஸ்பிரிங். கோனின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் சேர்ந்துதான் ஊஃபரின் ஒத்ததிர்வு எண்ணை முடிவு செய்கின்றன. ஒன்றில் புதுசு, ஒன்றில் பழசு என்றால் இரண்டும் இரண்டு விதமாகப் பாடும். ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும்.

ட்வீட்டர் ஊமையானது ஏன்?

எங்கள் இடது பெட்டியில் ட்வீட்டர் சத்தமே இல்லை. எல்லோரும் "ட்வீட்டர் போச்சு" என்றுதான் சொல்வார்கள். மீட்டர் வைத்தால் 6.1 ஓம். ட்வீட்டர் போகவில்லை! அப்படியானால் வழியில் யாரோ மறிக்கிறார்கள். அது யார்? கண்டென்சர்.

ட்வீட்டருக்குத் தொடராக ஒரு கண்டென்சர் இருக்கும். தாழ்ந்த ஒலியை அது தடுத்து, உயர்ந்த ஒலியை மட்டும் விடும். எந்த அதிர்வெண்ணிலிருந்து விடும் என்பதற்குக் கணக்கு உண்டு. 1ஐ, 2 × 3.14 × தடை × மின்தேக்குத்திறன் என்பதால் வகுக்க வேண்டும். கண்டென்சர் மேல் எழுதியிருந்தது 4.7 மைக்ரோ ஃபாரட். ட்வீட்டர் 8 ஓம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸ் வரும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ட்வீட்டர் வேலை. (ட்வீட்டரின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஆகவே இருக்காது, ஆகவே இது தோராயக் கணக்கு.)

இனி நம்ம லேபிலுள்ள கெப்பாசிட்டன்ஸ் மீட்டரில் அளந்தபோது வந்ததைப் பாருங்கள். வலது கண்டென்சர் 6.1 காட்டியது. அதாவது சுமார் 3,260 ஹெர்ட்ஸிலிருந்தே விட ஆரம்பித்திருக்கிறது, ட்வீட்டருக்கு வேண்டாத சுமை. இடது கண்டென்சர் 1.1 காட்டியது. கணக்குப்படி சுமார் 18,000 ஹெர்ட்ஸ்! பாட்டில் அந்த உயரத்தில் என்ன இருக்கிறது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. ட்வீட்டர் ஊமையாகத் தோன்றியதற்கு இதுதான் காரணம்.

இரண்டையும் கழற்றிவிட்டு 4.7 மைக்ரோ ஃபாரட், 100 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் போட்டோம். இதில் காய்வதற்கு ஈரமே கிடையாது. பிளஸ் மைனஸ் பார்க்கவும் வேண்டாம். அது கிடைக்காத இடத்தில் அப்பா பழைய வழி ஒன்று சொன்னார். 10 மைக்ரோ ஃபாரட் சாதா எலெக்ட்ரோலிட்டிக் இரண்டை எடுத்து, மைனஸையும் மைனஸையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் வேலை நடக்கும் என்றார். தொடர் இணைப்பில் 10ம் 10ம் சேர்ந்தால் 5. புத்தகக் கணக்கும் அதையேதான் சொல்கிறது!

இந்தக் கணக்கை நான் நோட்டில் போட்டுக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா எத்தனையோ கண்டென்சர் மாத்திருக்கேன். இந்த நம்பர்தான் போடணும்னு சொல்லுவாங்க. ஏன்னு ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

பெட்டியும் ஒரு பாகம்தான்

பெட்டி வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். கோன் முன்னால் போகும்போது முன்பக்கம் காற்று அழுந்துகிறது, பின்பக்கம் விரிகிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். பேஸ் காணாமல் போகும். அந்தச் சந்திப்பைத் தடுப்பதுதான் பெட்டியின் வேலை. 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் இன்னொரு படி மேலே போனார். காற்றுப் புகாமல் மூடின சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். ஏ.ஆர்.-1 என்ற அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து பெரிய பேஸ் வந்தது.

ஆகவே மூடின பெட்டியில் "ஓட்டை போட்டா பேஸ் வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓட்டை உள்ள பெட்டி வேறு கணக்கில் செய்தது. உங்கள் பெட்டி மூடினதா, காற்று கசிகிறதா என்று பார்க்க, ஊஃபரை மாட்டியபின் கோனை மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. சட்டென்று திரும்பினால் எங்கேயோ கசிவு. மூலைகளில் ஃபெவிகாலோடு மரத்தூள் குழைத்துப் பூசுங்கள். ஸ்க்ரூ லூசாகச் சுற்றினால் ஓட்டையில் தீக்குச்சியைப் பசை தொட்டுச் செருகி, காய்ந்ததும் முறுக்குங்கள், பிடித்துக்கொள்ளும். உப்புத் தாள் போட்டுத் தேய்ப்பதாக இருந்தால் ஸ்பீக்கரைத் தூரத்தில் வையுங்கள். இரும்புத் துகள் காந்த இடைவெளிக்குள் போனால் எடுப்பது படாத பாடு.

முன்துணிக்கு எந்தத் துணி வாங்குவது? கடையிலேயே துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் போனால் பாட்டும் போகும்.

கடைசியாக ஜோடி சேர்ப்பது

எல்லாம் மாட்டியாகிவிட்டதா? இப்போது சிவப்பு மை வைத்தோமே, அதற்கு வேலை வந்துவிட்டது. இரண்டு பெட்டியிலும் ஆம்ப்ளிஃபயரின் பிளஸ் சிவப்பு முனைக்கே போக வேண்டும். ஒன்றில் மாறிப்போனால் ஒரு கோன் முன்னால் போகும்போது மற்றொன்று பின்னால் போகும். இரண்டும் சத்தமாகப் பாடுவது போலத்தான் இருக்கும், ஆனால் பேஸ் இருக்காது, பாடகர் குரல் நடுவில் நிற்காமல் எங்கேயோ மிதக்கும். சந்தேகமிருந்தால் ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றிக் கேளுங்கள். எதில் பேஸ் அதிகமோ அதுதான் சரி.

ஆம்ப்ளிஃபயரின் பின்னால் "8 ஓம்" என்று போட்டிருந்தால், ஒரே சேனலில் இரண்டு 8 ஓம் பெட்டியை இணையாகக் கொடுக்காதீர்கள். அது 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் சூடேறும்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான்! திருவிழாவில் குழாய்க்கு அடியில் நின்று ஆடுகிற நண்பர்கள் இதை நினைவில் வையுங்கள். கோனுக்கு ஃபோம் மாற்றலாம். காதுக்கு மாற்ற முடியாது.

செலவுக் கணக்கு

ஃபோம் இரண்டு, கண்டென்சர் இரண்டு, பசை, வயர், அரை மீட்டர் துணி எல்லாம் சேர்த்து எனக்கு 580 ரூபாய் ஆனது. பெட்டிகள் இன்று எங்கள் கூடத்தில் பாடுகின்றன. கூடுதல் லாபமும் உண்டு. பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். அப்பா விரல் வைத்தார், நான் மீட்டர் வைத்தேன். வந்த கூலியில் இந்த செமஸ்டர் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டினேன்.

அப்பாவுக்குத் தெரிந்த தொழிலும் நான் படிக்கிற படிப்பும் வேறு வேறு என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். "காயில் இடிக்குது" என்பது அவர் மொழி. புத்தகம் அதையே நாலு பக்கத்தில் சொல்கிறது. நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பார். மோட்டார் ரீவைண்டிங் செய்கிற மாமாவோ, லேத் ஓட்டுகிற சித்தப்பாவோ, தையல் மெஷின் பார்க்கிற அத்தையோ! அவர்களுக்கு "எப்படி" தெரியும். நாம் "ஏன்" என்று படித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

முடிவாக நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம்ம கல்லூரி ஸ்டோர் ரூமில் பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் தூசி படிந்து அடுக்கிக் கிடக்கின்றன. ஆண்டு விழாவுக்கு வருடா வருடம் வாடகை செட் பிடிக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் எலெக்ட்ரானிக்ஸ் லேபைத் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள். நாலு மல்டிமீட்டர், இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு டப்பா ஃபெவிகால் போதும். எத்தனை பெட்டி பழசு, எத்தனை பெட்டி பழுது என்று பிரித்துப் பார்த்துவிடுவோம். வருகிற ஜூனியர்களும் கையில் தொட்டுப் படிப்பார்கள்.

விருப்பமுள்ள நண்பர்கள் பேரவை அறையில் பெயர் கொடுங்கள். முதல் பெயராக என் பெயர் ஏற்கனவே இருக்கிறது!